சொற்பிறப்பும் வழக்கும்

யான் ஆசிரியப் பயிற்சி முடித்து வந்த புதிதில், மாணவனொருவன் தன் கட்டுரையிலே ‘தேங்காயெண்ணெய்’ என்று எழுதியதைச் சிவப்பு மையாற் கீறிவிட்டேன். எள்ளின் நெய்யே எண்ணெய். தேங்காய்க்குள் எள் புகுந்தது எவ்வாறு என்பது என் வாதம். ‘தேங்காய் நெய்’ எனத் திருத்தமும் எழுதிவைத்தேன். அவன் எழுந்து, “அப்படியாயின் மண்ணெண்ணெயை எப்படி எழுதுவது, சேர்?” என்றான். வகுப்பு முழுதும் சிரித்தது. குறைத்த புள்ளியை மறுநாட் கூட்டிக் கொடுத்தேன். ஆயினும் அவ்வினா என்னை விட்டு நீங்கவில்லை.

நெய் என்பது முன்னாளிற் பொதுச்சொல். பசுவின் நெய்யும் எள்ளின் நெய்யும் அதனுள் அடங்கின. காலஞ்செல்ல, நெய் சுருங்கிப் பாலிலிருந்து பெறுவதற்கே உரியதாயிற்று. எண்ணெயோ விரிந்து, வேம்பு, இலுப்பை முதலியவற்றின் வித்திலிருந்து வடிவதற்கும் பெயராயிற்று. இதிலொரு வேடிக்கை உண்டு. பெயருக்கு உரிமை பூண்ட எள்ளின் எண்ணெய், தன்னைப் பிறவற்றினின்றும் பிரித்துக் காட்ட ‘நல்ல’ என்னும் அடையை வேண்டி, நல்லெண்ணெய் ஆக நேர்ந்தது. சொந்தக் காணியிலே வாடகைக்குக் குடியிருப்பவன் போல!

‘நாற்றம்’ இழிந்த சொல். வள்ளுவர் காமத்துப்பாலிலே மொட்டினுள் அடங்கிய நறுமணத்தை நாற்றம் என்றே குறிக்கின்றார். இன்று அச்சொல்லைப் பூவுக்குச் சொல்ல யார் துணிவர்? அதன் இடத்துக்கு வந்த மணமும் நம் ஊர்ப் பேச்சிலே தப்பவில்லை. அழுக்கு நீர் தேங்கிய கானைக் கடக்கையில் “மணக்குது” என்றுதானே மூக்கைப் பொத்துகின்றோம்.

எனின், பிறப்பை ஆராய்தல் வீணோ? அன்று. நாற்றத்தின் பழம்பொருள் அறியாதவன் அக்குறளைக் கற்கும் விதம் எங்ஙனம்? நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் 1938 முதலாகச் சொற்பிறப்பு ஒப்பியல் அகராதியைப் பகுதி பகுதியாக வெளியிட்டார்; 1947 இல் அவர் மறைந்தபோது அது முற்றுப்பெறாது நின்றது. ஓர் ஆயுள் போதாத வேலை அது. ஆனால் பழைய நூலைப் படிப்பதற்கு உதவும் அவ்வறிவைக் கொண்டு, இன்று எழுதுபவன் கையைப் பிடித்தல் தகாது. சொல்லுக்கு ஒரு பொருள் அமைந்த காரணம் எளிதில் விளங்கித் தோன்றாது எனத் தொல்காப்பியரே உரியியலிற் கூறினாரன்றோ?

ஒலியொற்றுமையை நம்புவோர்க்கு இடர் இன்னும் பெரிது. யாழ்ப்பாணம் 1619 இல் போர்த்துக்கேயர் வசமாயிற்று. நாம் இருக்கும் கதிரை அவர்கள் மொழிச் சொல். அவர்க்கு அது இலத்தீன் வழியாகக் கிரேக்கத்திலிருந்து வந்தது. ஆங்கிலேயரின் ‘செயர்’ என்பதும் அவ்வேரினதே. கதிரைவேற்பிள்ளை என்னும் பெயரிலுள்ள கதிரையோ கதிர்காமம். அண்மையிலே ஒரு பிள்ளை, ‘கதிரைவேலன்: ஆசனத்தில் அமர்ந்த வேலன்’ என்று விடை எழுதியிருந்தது. அதற்கும் புள்ளி குறைத்தேன். இம்முறை கூட்டிக் கொடுக்கவில்லை.