நித்தியகல்யாணி

முற்றத்திலும் இடுகாட்டின் ஓரத்திலும் ஒருங்கே பூத்து நிற்பது நித்தியகல்யாணி. சுடுகாட்டுப் பூ என்று அதனை ஒதுக்குவாரும் உளர். இலை நஞ்சுடையதாதலின் ஆடுமாடுகள் அதில் வாய் வைப்பதில்லை. அதன் தாயகம் மடகாஸ்கர் தீவு.

ஜமைக்கா மக்கள் அவ்விலையைக் கஷாயமிட்டு நீரிழிவுக்கு அருந்தி வந்தனர். 1952-ஆம் ஆண்டில் அவ்விலைகள் சில கனடா நாட்டு மருத்துவர் ஒருவருக்கு அஞ்சலில் வந்தன. அவர் அவற்றைத் தம் உடன்பிறந்தாராகிய இராபர்ட் நோபிளிடம் அளித்தார். நோபிள் இலைச்சாற்றை எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தார். சர்க்கரை குறையவில்லை, இரத்தத்தின் வெள்ளணுக்களே குறைந்தன. தோல்வி என்று பிறர் கைவிட்டிருப்பர். அவரோ, வெள்ளணு மிகுதலே நோயாகிய இரத்தப் புற்றுக்கு இஃது உதவலாகாதா என எண்ணினார். சார்லஸ் பீர் என்னும் வேதியியலாரின் துணையால் பிரித்தெடுத்த வின்பிளாஸ்டின் 1958-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதன் இனமாகிய வின்கிரிஸ்டின், குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கு இன்றும் முதன்மையான மருந்துகளுள் ஒன்று.

உயிரணுவினுள் நுண்ணிய குழல்கள் உள்ளன. அவை வீட்டின் உத்தரம் போல அணுவைத் தாங்குவன. ஆனால் உத்தரம் போல நிலைத்திராமல், கணந்தோறும் கட்டப்பட்டும் கலைந்தும் வருவன. அணு இரண்டாகப் பிரிவதற்கு இக்குழல்கள் வேண்டும். இடம்விட்டு இடம் நகர்வதற்கும் வேண்டும். நித்தியகல்யாணியின் மருந்து, குழலாகக் கூடும் புரதத்தைப் பற்றிக்கொண்டு அதனைக் கூடவொட்டாமல் தடுக்கிறது.

மூளையில் தோன்றும் கிளியோமா என்னும் புற்றின் கொடுமை அதன் நகர்ச்சியிலேயே உள்ளது. அதன் அணுக்கள் நரம்பிழைகளையும் இரத்தக் குழாய்களையும் பற்றித் தொலைவு செல்கின்றன. அமெரிக்க அறுவை மருத்துவர் வால்ட்டர் டாண்டி, நோயுற்றார் சிலருக்கு மூளையின் வலப்பாதியையே அகற்றியதாக 1928-இல் எழுதினார். அப்போதும் புற்று மீண்டும் தலைகாட்டிற்று. கத்தி செல்லுமுன் அணு சென்றுவிட்டது!

நுண்குழல்களைத் தாக்கும் தாவரப் பொருள்கள் அவ்வணுக்களின் நடையைத் தளர்த்துதல் ஆய்வுக்கூடங்களில் காணப்பட்டுள்ளது. கண்ணாடிக் கிண்ணத்தில் எளிதாக நிகழும் அது மூளையில் அரிதாகின்றது. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்களின் சுவர், காவலர் போல் நின்று அயற்பொருள்களைத் தடுப்பதால், வின்கிரிஸ்டின் மிகச் சிறிதளவே உட்புகும். சிலவகைக் கிளியோமாக்களுக்கு வேறு இரு மருந்துகளுடன் சேர்த்து அதனை வழங்குகின்றனர். காவலைச் சுற்றிக்கொண்டு முதுகுத்தண்டின் நீரில் அதனைச் செலுத்தலாமோ எனின், அது பெரும்பாலும் உயிரையே போக்கிவிடும். நரம்பணுக்களின் நீண்ட இழைகளும் அதே நுண்குழல்களால் தாங்கப்படுகின்றன அன்றோ? அதனாலேயே, முறைப்படி நாளத்தில் ஏற்றினும், நோயாளிகள் பலருக்கு விரல்நுனிகள் மரத்துப்போகின்றன.