கைப்பேசிக்கு நேரம் சொல்பவர் யார்?

தொழுகை என்பது நேரம் குறிக்கப்பட்ட கடமை என்பதை அல்லாஹ் தஆலா அன்னிஸா அத்தியாயத்தின் 103ஆம் வசனத்தில் அறிவிக்கின்றான். அந்த நேரத்திற்கு அடையாளம் சூரியன். ஆயினும் இன்று நம்மில் பெரும்பாலோர் வானத்தைப் பார்ப்பதில்லை, கைப்பேசியையே பார்க்கிறோம். அது காட்டும் நேரத்தை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை இம்மாதம் ஆராய்வோம்.

நாம் அறிந்த ஒரு வீட்டில் ரமளானில் ஒரு நாள் கைப்பேசியில் மஃரிபு பாங்கு ஒலிக்க, வீட்டார் நோன்பு திறந்தனர். ஐந்து நிமிடம் கழித்தே பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. விசாரித்தபோது, வீட்டுப் பிள்ளை ஏதோ விளையாட்டுக்காகக் கைப்பேசியின் கடிகாரத்தை முன்னே தள்ளி, பிறகு கையாலேயே திருப்பி வைத்திருந்தது தெரியவந்தது. தொழுகை நேரம் காட்டும் மென்பொருளின் அட்டவணையில் பிழையில்லை. அது நம்பிய கடிகாரத்தில்தான் பிழை. சூரியன் மறைந்துவிட்டது என்றெண்ணி நோன்பு திறந்து, மறையவில்லை என்பது பின்னர் உறுதியானால், பாவம் இல்லை. ஆனால் அந்த நோன்பைக் களாச் செய்தாக வேண்டும். ஷாஃபிஈ, ஹனஃபி இரு மத்ஹபுகளின் சட்டமும் இதுவே.

நபி (ஸல்) அவர்களின் முஅத்தின்களுள் ஒருவரான இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் பார்வையற்றவர்கள். விடிந்துவிட்டதென்று மக்கள் சொல்லும் வரை அவர்கள் ஃபஜ்ருக்குப் பாங்கு சொல்வதில்லை என்று புகாரியில் பதிவாகியுள்ளது. நம் கைப்பேசியும் வானத்தைப் பாராததே. அதனுள் ஒரு சிறு படிகத்தின் துடிப்பை எண்ணும் கடிகாரம் இருக்கிறது. அது நாளொன்றுக்கு ஓரிரு விநாடி பிசகக்கூடும். யாரும் திருத்தாவிட்டால் அப்பிசகு நாளுக்கு நாள் வளரும். ஆகவே அதற்கும் நேரத்தை அறிவிக்க ஒருவர் வேண்டும்.

அறிவிப்பாளரிடம் ஹதீஸ் கலை அறிஞர்கள் இரண்டு தன்மைகளைத் தேடுவார்கள். ஒன்று அதாலத், அதாவது நேர்மை. மற்றொன்று ளப்து, அதாவது பிசகாமல் காத்துச் சொல்லும் திறன். இணையத்திலிருந்து நேரத்தைப் பெறுவதற்கும் இவ்விரண்டும் தேவை.

முதலில் ளப்தைப் பார்ப்போம். டேவிட் மில்ஸ் என்பவர் வகுத்து 1985இல் வெளியான ‘என்.டி.பி.’ என்னும் முறைப்படியே கணினிகள் ஒன்றிடமிருந்து ஒன்று நேரத்தைக் கேட்டுப் பெறுகின்றன. இதன் மூலம் அணுக் கடிகாரம். அதனுடன் நேரே இணைந்த கணினி முதற்படி. அதனிடம் கேட்பது இரண்டாம் படி. நம் ஸனதைப் போலவே இதிலும் ஒவ்வொருவரும் யாரிடம் கேட்டார் என்ற தொடர் உண்டு. இந்தியாவின் நேரத்தைப் புது தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் காத்து வருகிறது. பதில் வந்து சேர்வதற்குள்ளும் சிறிது நேரம் கழியுமல்லவா? அதற்காகக் கேள்வி புறப்பட்டது, சேர்ந்தது, பதில் புறப்பட்டது, வந்தது என நான்கு நேரங்களையும் குறித்து, வழியில் கழிந்ததைக் கணக்கிட்டுச் சரிசெய்கிறார்கள்.

அடுத்தது அதாலத். ஒருவரிடம் மட்டும் கேட்டால் அவர் தவறினாலும் நமக்குத் தெரியாது. இருவரிடம் கேட்டு இருவரும் முரண்பட்டால் யார் சொல்வது சரி? ஆகவே நான்கு இடங்களில் கேட்பது நல்லது. ஒன்று பிழையானாலும் மற்ற மூன்றும் ஒன்றையொன்று உறுதிப்படுத்தும். இன்னோர் ஆபத்தும் உண்டு. சாதாரண என்.டி.பி. பதிலை இடையில் ஒருவன் மாற்றி அனுப்பிவிட முடியும். அதைத் தடுக்க, பதிலுக்கு முத்திரையிட்டு அனுப்பும் ‘என்.டி.எஸ்.’ என்னும் முறை 2020இல் வெளியாயிற்று. வந்த செய்தியைத் தெளிவு செய்துகொள்ளுமாறு ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாம் வசனம் இடும் கட்டளையை இங்கே நினைவுகூர்வோம்.

தொழுகை நேர மென்பொருள் ஆக்கும் நம் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. கைப்பேசி காட்டும் நேரத்தை அப்படியே ஏற்காதீர்கள். இணையத்தில் கேட்டு ஒப்பிடுங்கள். ஒருமுறை சரியான நேரம் கிடைத்தபின், கைப்பேசி இயங்கத் தொடங்கியது முதல் ஓடும், பயனாளர் மாற்ற முடியாத உள் எண்ணிக்கையைக் கொண்டு மேற்கொண்டு கணக்கிடுங்கள். இணையம் கிடைக்காதபோது, “நேரம் சரிபார்க்கப்படவில்லை” என்று திரையில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்பதும் அமானிதமே.

வீட்டிலுள்ளோர் செய்ய வேண்டியது எளிது. கைப்பேசியின் அமைப்பில் ‘தானியங்கி நேரம்’ என்பதை இயக்கி வையுங்கள். அதை மாற்றக்கூடாதெனப் பிள்ளைகளிடம் காரணத்தோடு சொல்லுங்கள். மென்பொருளில் உங்கள் ஊர்தான் குறிக்கப்பட்டுள்ளதா என்றும் பாருங்கள். ஒரு தீர்க்கரேகைப் பாகைக்கு நான்கு நிமிடம் வித்தியாசம். சென்னையில் ளுஹர் நேரம் தொடங்கி ஏறத்தாழ 13 நிமிடம் கழித்தே கோவையில் தொடங்கும். கடிகாரம் சரியாக இருந்தும் ஊர் தவறினால் பயனில்லை. இவற்றோடு, மேகமில்லாத மாலையில் பிள்ளைகளை மாடிக்கு அழைத்துச் சென்று சூரியன் மறைவதைக் காட்டுங்கள். கடிகாரம் அறிவிப்பாளர் மட்டுமே. அது எதை அறிவிக்கிறது என்பதை அவர்கள் கண்ணால் அறியட்டும்.

உரிய நேரத்தில் தொழுது, உரிய நேரத்தில் நோன்பு திறக்கும் நல்லோராக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.