டபுள் கேபினா, நீள பாடியா?

கேள்வி:

மகர்பட்டாவில் குடியிருக்கிறேன். வீட்டில் தொடங்கிய சமையல் தொழில், ஹடப்சரில் வாடகைக்கு ஒரு சமையல்கூடம் எடுக்கும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. திங்கள் முதல் வெள்ளி வரை சைபர்சிட்டி அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு. சனி, ஞாயிறிலும் முகூர்த்த நாட்களிலும் சீமந்தம், பூணூல், அறுபதாம் கல்யாணம் என்று நம்மவர் வீட்டு விசேஷங்கள். ராஸ்தா பேட், பிம்ப்ரி என்று போவோம். சில சமயம் திவே காட் ஏறி சாஸ்வட் வரைக்கும் போக வேண்டியிருக்கிறது.

இதுவரை வாடகைக் குட்டி யானையை வைத்து ஓட்டினோம். இப்போது சொந்தமாக ஒரு பிக்கப் வாங்கலாம் என்றிருக்கிறேன். "டபுள் கேபின் வாங்கும்மா, மாஸ்டரும் ஆட்களும் உட்கார்ந்து வரலாம், நாமளும் கோயில் குளம்னு போயிட்டு வரலாம்" என்கிறான் மகன். "ஒன்பது அடி பாடி எடுங்கக்கா, ஆளுங்க பின்னாடி பாத்திரத்தோட உட்கார்ந்துக்குவாங்க, ஒரே டிரிப்ல முடிஞ்சிடும்" என்கிறார் டிரைவர் தம்பி. விசேஷ நாளில் டிரைவரைத் தவிர நான்கு பேர் போவார்கள். எதை வாங்குவது சார்?

வாசகி, மகர்பட்டா, புனே

பதில்:

நீள பாடி வாங்குங்கள் அம்மா. ஆனால் டிரைவர் தம்பி சொன்னதில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்களைப் பின்னால் உட்காரவைப்பது என்ற இரண்டாம் பாதிக்கு உங்கள் தொழிலில் இடமே இருக்கக்கூடாது. அந்த உறுதியை உங்களால் கடைப்பிடிக்க முடியாது என்று தோன்றினால், மகன் சொல்வதையே கேளுங்கள். காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் நீளத்தின் கணக்கு. நம் நாட்டுப் பிக்கப்களில் கேபினும் பாடியும் ஒரே சேசிஸின் நீளத்தைத்தான் பங்கிட்டுக்கொள்கின்றன. பின் சீட்டு வந்தால் பாடி குறையும். மகிந்திரா பொலேரோ கேம்பரின் மொத்த நீளம் ஏறக்குறைய 4.86 மீட்டர். டொயோட்டா ஹைலக்ஸ் 5.3 மீட்டருக்குச் சற்று மேல். இரண்டிலும் டிரைவரோடு ஐந்து பேர் உட்காரலாம். பின்னால் மிஞ்சுவது ஐந்தடியை ஒட்டிய பாடி. சிங்கிள் கேபின் வண்டிகளில் எட்டு முதல் பத்து அடி வரை கிடைக்கிறது. பொலேரோ மேக்ஸ் பிக்கப்பின் 2 டன் வகையில் பாடி 3050 மில்லிமீட்டர், அதாவது பத்தடி.

அமெரிக்காவில் இரண்டையும் சேர்த்தே வாங்க முடியும். ஃபோர்டு எஃப்-250 வண்டியில் இருவரிசைக் கேபினோடு எட்டடி பாடி வருகிறது. அதன் நீளம் ஆறரை மீட்டரைத் தாண்டும். அந்த நீளத்தை வைத்துக்கொண்டு ராஸ்தா பேட் சந்தில் திரும்பவும் முடியாது, அடுக்குமாடி பார்க்கிங்கில் நிறுத்தவும் முடியாது. ஆகவே நமக்கு இரண்டில் ஒன்றுதான்.

இனி உங்கள் பாத்திரக் கணக்குக்கு வருவோம். இரண்டரை அடி விட்டமுள்ள அண்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்துக்கு ஐந்து அடி பாடியில் நான்கு அண்டா வைத்ததுமே தரை நிறைந்துவிடும். காஸ் சிலிண்டருக்கும் அடுப்புக்கும் அதில் இடமில்லை. ஒன்பதுக்கு ஐந்தரை அடி பாடியில் வரிசைக்கு இரண்டாக ஆறு அண்டா வைத்த பிறகும், குறுக்கே ஒன்றரை அடி மிஞ்சும். சிலிண்டர்களை நிமிர்த்தி வைத்துக் கட்ட அந்த இடம் போதும். தரைப்பரப்பில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மடங்கு. பாத்திரம் இடத்தை அடைக்கும் சரக்கு. அதன் எடை குறைவு. அதனால் உங்களுக்கு முதலில் தீர்ந்துபோவது தரைதான்.

பரிமாறும் மடக்கு மேஜைகள் பெரும்பாலும் ஆறடி நீளம். ஐந்தடி பாடியில் அவற்றைப் படுக்கவைத்தால் பின்கதவைத் திறந்தபடி ஓட்ட நேரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவில் 2019-இல் சேர்த்த உட்பிரிவின்படி, சரக்கு அனுமதித்த அளவைத் தாண்டி வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அபராதம் 20,000 ரூபாய். பின்னால் இருட்டில் வருகிற பைக்காரருக்கு அந்த மேஜை விளிம்பு கண்ணில் படாது என்பது அபராதத்தைவிடப் பெரிய விஷயம்.

எடையிலும் ஒரு கண் வையுங்கள். சமையல் வேலையில் பாரத்தைக் கூட்டுவது பாத்திரமல்ல, தண்ணீர். 20 லிட்டர் கேன் நாற்பது ஏற்றினால் அதுவே 800 கிலோ. கேம்பர் போன்ற டபுள் கேபின் வண்டி தாங்குவது ஏறக்குறைய ஒரு டன். கமர்ஷியல் சிலிண்டரில் காஸ் 19 கிலோ. இரும்பையும் சேர்த்தால் ஏறக்குறைய இரு மடங்கு. பிறகு அரிசி, காய்கறி, எண்ணெய் டின். கணக்குப் போட்டுப் பாருங்கள், டன் எப்போது நிறைந்தது என்றே தெரியாது. பாரம் மீறினால் அபராதம் 20,000 ரூபாயில் தொடங்கி, கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ஏறும். விசேஷம் நடக்கும் மங்கள் கார்யாலயத்தில் குடிநீர் இருக்கிறதா என்று ஆர்டர் எடுக்கும்போதே கேட்டுவிட்டால் வண்டியின் பாதி பாரம் அங்கேயே குறைந்துவிடும். ஒருமுறையாவது முழு விசேஷச் சாமானையும் ஏற்றி எடைமேடையில் நிறுத்திப் பாருங்கள்.

பாரம் எங்கே உட்காருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும், முக்கியமாகத் திவே காட் ஏறுகிறவர்கள். டபுள் கேபினில் பின் சீட்டு முன்புற இடத்தை எடுத்துக்கொள்வதால் பாடி பின்னுக்குத் தள்ளப்படுகிறது. அதில் நல்ல பங்கு பின் ஆக்சிலுக்கும் பின்னால் கிடக்கும். அங்கே கனமான சாமானை வைத்து ஏற்றத்தில் ஏறினால் முன் சக்கரத்தின் அழுத்தம் குறையும், ஸ்டியரிங் லேசாகும், கொண்டை ஊசி வளைவில் பிடிப்பு தளரும். நீள பாடியில் கேபினை ஒட்டிக் கனமானதையும் கடைசியில் லேசானதையும் வைக்க வசதி இருக்கிறது. சாம்பார், ரசம் போன்று தளும்பும் பாத்திரங்களைக் கேபின் சுவரோடு சேர்த்து, மூடியைக் கட்டி, பாத்திரத்தையும் கட்டி வையுங்கள். பின்கதவுப் பக்கம் இலைக்கட்டும் பேப்பர் கப்பும் போதும்.

இப்போது ஆட்கள். இந்தப் பகுதியைத் தயவுசெய்து டிரைவர் தம்பியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இரவு முழுக்கக் காய் நறுக்கி, மாவு ஆட்டி, விடியுமுன் மூன்று மணிக்குக் கிளம்புகிற ஆட்கள் அவர்கள். அரிசி மூட்டை மேல் சாய்ந்த உடனே கண் சொக்கும். பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது, பெல்ட் கிடையாது. பக்கத்தில் சிலிண்டரும் சுடு பாத்திரமும். நாய் குறுக்கே வந்து டிரைவர் ஒருமுறை பிரேக்கை அழுத்தினால் அண்டாக்கள் ஆள் மேல் வந்து விழும். நம் ஊர்களில் கல்யாணத்துக்குப் போன லாரி, வேன் கவிழ்ந்த செய்திகளை எத்தனை படித்திருக்கிறோம். அப்படி ஒரு செய்தி உங்கள் சமையல்கூடத்திலிருந்து வரக்கூடாது.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் எத்தனை இருக்கை எழுதியிருக்கிறதோ அத்தனை பேர்தான். சிங்கிள் கேபினில் அது டிரைவரோடு இரண்டு அல்லது மூன்று. சரக்கு வண்டியில் சரக்கின் சொந்தக்காரரோ அவருடைய பிரதிநிதியோ வந்தால் அவருக்குக் காப்பீடு உண்டு என்று 1994-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். சரக்கு வண்டியில் கட்டணமில்லாமல் ஏறிக்கொண்ட பயணிக்கு இழப்பீடு தரும் பொறுப்பு காப்பீட்டு நிறுவனத்துக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் ஆஷா ராணி வழக்கில் தீர்ப்பளித்தது. "இவர்கள் என் வேலையாட்கள்" என்று நீங்கள் வாதாடலாம். ஆனால் இருக்கை எண்ணிக்கைக்கு மேல் பாடியில் உட்கார்ந்து வந்தவர்களுக்காக அந்த வாதம் வருடக்கணக்கில் இழுக்கும். அதுவரை அடிபட்ட குடும்பத்துக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். பாலிசி எடுக்கும்போது, கேபினில் வரும் உதவியாளர்களுக்கும் காப்பு சேர்க்கச் சொல்லி, அது எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்படியானால் டபுள் கேபின்தானே பாதுகாப்பு என்று கேட்பீர்கள். உங்கள் வாரத்தைப் பாருங்கள். ஐந்து நாள் அலுவலகச் சாப்பாடு. அதற்கு டிரைவரும் இறக்கி வைக்க ஒருவரும் போதும். பின் சீட்டு ஐந்து நாளும் காலியாக ஓடும், பாடி ஐந்து நாளும் போதாமல் இருக்கும். நான்கு பேர் சேர்ந்து போவது விசேஷ நாளில் மட்டும். அன்று டபுள் கேபின் இருந்தாலும் பாத்திரமும் மேஜையும் அதில் அடங்காமல் இன்னொரு சரக்கு வண்டியை அழைப்பீர்கள். அதைவிட நீள பாடியில் எல்லாச் சாமானையும் ஏற்றிவிட்டு, ஒருவரை டிரைவர் பக்கத்தில் உட்காரவைத்து, மற்ற மூவரை ஒரு டாக்சியிலோ உங்கள் காரிலோ அனுப்புவது எளிது. விடியுமுன் மூன்று பேருக்கு ஒரு கார் பிடிப்பதைவிட, சிலிண்டரையும் அண்டாவையும் ஏற்றச் சம்மதிக்கும் வண்டி பிடிப்பது கடினம். தினமும் போவதற்கு ஏற்ற வண்டியைச் சொந்தமாக வாங்குவது, எப்போதாவது போவதற்கு வாடகை கொடுப்பது: இதுதான் என் கணக்கு.

இதே கணக்கு வேறு தொழிலுக்கு நேர் எதிரான பதில் தரும். லிஃப்ட், ஜெனரேட்டர், செல்போன் டவர் பழுது பார்க்கிறவர்கள், போர்வெல் மோட்டார் இறக்குகிறவர்கள், சோலார் பலகை பொருத்துகிறவர்கள் தினமும் நான்கைந்து பேராகப் போகிறார்கள். அவர்களுடைய சரக்கு ஒரு கருவிப்பெட்டியும் கொஞ்சம் கேபிளும். அவர்கள் டபுள் கேபின்தான் வாங்க வேண்டும். நாளைக்கு உங்கள் அலுவலக ஆர்டரிலேயே பரிமாறவும் நான்கு பேர் தினமும் போகிற நிலை வந்தால், அப்போது இரண்டாவது வண்டியாக டபுள் கேபினை யோசியுங்கள்.

மகன் சொன்ன கோயில் பயணம் பற்றி. கேம்பர் போன்றவை மஞ்சள் போர்டில் சரக்கு வண்டியாகப் பதிவாகின்றன. குடும்பத்தோடு ஊர் சுற்ற அந்தப் பதிவும் பாலிசியும் பொருந்தா. ஹைலக்ஸ், இசுசு வி-கிராஸ் போன்றவற்றை வெள்ளை போர்டில் சொந்த உபயோகத்துக்கு வாங்கலாம். ஆனால் அதில் தொழில் சரக்கு ஏற்றினால் சட்டத்தின் பார்வையில் அது சரக்கு வண்டியாகிவிடும், காப்பீட்டில் சிக்கல் வரும். ஒரே வண்டியில் குடும்பத்தையும் தொழிலையும் சேர்க்க வேண்டாம்.

காகித விஷயங்களில் சிலவற்றை ஷோரூமில் கேட்டே தீர வேண்டும். மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை. பாடி நீண்டு எடை கூடிய வகைகள் பல அந்த எல்லையைத் தாண்டும். அலுவலகச் சாப்பாட்டுக்கும் விசேஷத்துக்கும் எட்டு, ஒன்பது அடியே போதுமென்றால் பத்தடிக்கு ஆசைப்படாதீர்கள். தகுதிச் சான்று புது வண்டிக்கு இரண்டு வருடம். எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, பிறகு வருடந்தோறும். டிரைவருக்கு எல்.எம்.வி. லைசென்ஸ் இருந்தால் 7,500 கிலோவுக்குள்ளான சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்திருக்கிறது. இப்போது புதிதாகத் தயாராகும் லாரிகளில் கேபின் ஏ.சி. கட்டாயம், அந்த விதி மூன்றரை டன்னைத் தாண்டிய வண்டிகளுக்குத்தான். பிக்கப்பில் நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். மே மாத மதியத்தில் சாப்பாடு கொண்டுபோகிற தம்பிக்காக அதைக் கேளுங்கள். பாடிக்கு மேல் கூடு கட்டுவதாக இருந்தால், நிறுத்தப்போகும் இடத்தின் கூரை உயரத்தை முதலில் அளந்துவிடுங்கள். மஞ்சள் போர்டு வண்டியைக் குடியிருப்பில் இரவு நிறுத்த அனுமதி உண்டா என்றும் சொசைட்டி அலுவலகத்தில் கேளுங்கள்.

முன்பணம் கொடுக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். சமையல்கூடத் தரையில் சாக்பீஸால் ஐந்துக்கு ஐந்து அடி ஒரு கட்டம், ஒன்பதுக்கு ஐந்தரை அடி இன்னொரு கட்டம் வரையுங்கள். உங்கள் பெரிய விசேஷத்துக்கான சாமான் முழுவதையும் மாஸ்டரை விட்டே அதில் அடுக்கச் சொல்லுங்கள். மகனும் டிரைவரும் பக்கத்தில் நிற்கட்டும். பிறகு வீட்டில் வாதம் இருக்காது.

அடுத்த ஆர்டருக்கு விலை சொல்லும்போது, ஆட்கள் போய்வரும் வண்டிச் செலவைத் தனி வரியாக எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள். இலைக்கும் காஸுக்கும் பணம் கேட்கிறோம். நம் ஆட்கள் சீட்டில் உட்கார்ந்து போய் வருவதற்கும் கேட்கலாம். கல்யாண வீட்டுக்காரர் மறுக்க மாட்டார். அந்த வரி இருக்கும்வரை, நேரமாகிவிட்டது என்று சொல்லி யாரையும் பாடியில் ஏற்ற வேண்டிய அவசியம் உங்களுக்கு வராது.