திறந்த ஹெட்போனும் மூடிய ஹெட்போனும்

ஹெட்போன் வாங்கும்போது விலையைப் பார்க்கிறோம், நிறுவனத்தின் பெயரைப் பார்க்கிறோம். காதின் மேல் அமரும் கிண்ணத்தின் பின்புறம் அடைத்திருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று நம்மில் பலர் கவனிப்பதில்லை. ஒலியின் குணம் பெருமளவு அதைப் பொறுத்தது.

கச்சேரியில் கடம் வாசிப்பவர் குடத்தின் வாயைத் தம் வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் வாசிப்பதைக் கண்டிருப்பீர்கள். குடம் அதேதான், விரலும் அதேதான். வாய் மூடித் திறக்கும்போது நாதம் மாறிவிடுகிறது. ஹெட்போனிலும் அடைப்புக்கு அத்தகைய செல்வாக்கு உண்டு.

ஹெட்போனுக்குள் அதிரும் மெல்லிய சவ்வு முன்பக்கம் காதுக்கு ஒலியை அனுப்புவது போலவே பின்பக்கமும் அனுப்புகிறது. மூடிய வகையில் அந்தப் பின்னொலி கிண்ணத்துக்குள்ளேயே மோதித் திரும்புகிறது. இதை அடக்கத்தான் நல்ல தயாரிப்பாளர்கள் உள்ளே பஞ்சு வைக்கிறார்கள். திறந்த வகையில் அது வலைத்தகடு வழியே வெளியேறிவிடும். 1968-இல் மேற்கு ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் வெளியிட்ட எச்.டி. 414 தான் இவ்வகைக்கு முன்னோடி.

வாய்ப்பாட்டு ஒலிப்பதிவு ஒன்றை இரண்டிலும் கேட்டுப் பாருங்கள். திறந்ததில் தம்புராவின் ரீங்காரம் பாடகரின் குரலோடு ஒட்டாமல் தனித்து நிற்கும்; பாட்டு தலைக்குள் அடைபடாமல் சற்று வெளியே கேட்பது போலிருக்கும். மூடியதில் மிருதங்கத்தின் தொப்பி கனமாக விழும். என் செவிக்குத் திறந்ததே இனிமை. ஆனால் பழைய கச்சேரிப் பதிவுகள் பல ஒற்றைத் தட ஒலி, அதாவது மோனோ. அவற்றுக்கு இடம் வலம் கிடையாது. அவற்றை மட்டுமே கேட்பவர் 'விசாலமான ஒலி' என்ற விளம்பரத்தை நம்பிக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். ஜோகுபாளையத்தில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஆட்டோ ஹாரன், பக்கத்து வீட்டு மிக்ஸி, குக்கர் விசில் எல்லாம் திறந்த ஹெட்போனுக்குள் தாராளமாக நுழையும். அவற்றை மீறிக் கேட்கப் பிள்ளைகள் ஒலியைக் கூட்டுவார்கள். ஆபத்து இங்கேதான். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி பெரியவர்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபல் அளவில் 40 மணி நேரம் எல்லை. குழந்தைகளுக்கு 75 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும். கணக்குப் போடுங்கள்: பெரியவருக்கே 83-இல் 20 மணி, 86-இல் 10, 89-இல் 5 மணிதான். உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

மூடிய ஹெட்போன் ஹாரன், விசில் போன்ற கூர்மையான ஒலிகளை நன்றாகவே தடுக்கும். பேருந்து என்ஜினின் தாழ்ந்த உறுமலை அவ்வளவாகத் தடுக்காது. ஆயினும் ஒலியைக் குறைத்து வைத்தே பாடம் கேட்க முடியும். சரி, திறந்ததை இரவில் தெரு அடங்கிய பின் கேட்கலாமே என்றால், அதிலிருந்து கசியும் ஒலி அருகில் படுத்திருப்பவரின் தூக்கத்தைக் கெடுக்கும். ஒரே அறையில் நால்வர் இருக்கும் வீட்டுக்கு மூடியதே பொருந்தும். தனி அறையும் அமைதியும் வாய்த்தவர்கள் திறந்ததை வாங்கி அனுபவிக்கட்டும்.

கடையில் இரண்டு சோதனைகள் செய்யலாம். பாட்டு ஓடும்போது திறந்த கிண்ணத்தின் பின்புறத்தை உள்ளங்கையால் மூடுங்கள். ஒலி சட்டென்று மாறும். மூடியதில், மெத்தையை விரலால் லேசாகத் தூக்குங்கள். மிருதங்கத்தின் கனம் குறைந்துவிடும். மூக்குக்கண்ணாடியின் காம்பும் இதே வேலையைச் செய்யக்கூடும். ஆகவே கண்ணாடி போடுகிறவர்கள் அதைக் கழற்றாமலே போட்டுப் பார்த்து வாங்குங்கள்.