பந்தயப் பாதைக்குரிய டர்போசார்ஜரைத் தெரிந்தெடுத்தல்

மோட்டார் வண்டியின் ஆற்றலைப் பெருக்க விரும்புவோர் முதற்கண் வினவுவது, "எத்தனை குதிரைச் சக்தி கிடைக்கும்?" என்பதே. நண்பரிடம் பெருமை பேசுதற்கு அவ்வினா போதும். வளைவுகள் மலிந்த பந்தயப் பாதையில் வண்டியோட்டக் கருதுவோர்க்கோ, "அச்சக்தி எப்பொழுது வந்து சேரும்?" என்னும் மற்றொரு வினாவே தலையாயது. இவ்விரு வினாக்களுக்கும் இடையேயுள்ள பிணக்கை, ஒரு குறித்த வண்டியையும் ஒரு குறித்த பாதையையும் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

டர்போசார்ஜராவது, எஞ்சினினின்றும் வெளியேறும் சூடான புகையின் விசையைக் கொண்டே எஞ்சினுக்குள் காற்றை அமுக்கிச் செலுத்துங் கருவி. ஓர் அச்சின் இரு முனைகளிலும் இரண்டு சிறு சக்கரங்கள் உள. புகையாற் சுழல்வது டர்பைன். அதனுடன் சுழன்று காற்றை உறிஞ்சி அமுக்குவது கம்ப்ரெஸர். காற்று மிகுதியாகப் புகுமாயின் பெட்ரோலையும் மிகுதியாக எரிக்கலாம். ஆதலின் சிறிய எஞ்சினும் பெரிய எஞ்சினின் வேலையைச் செய்யும். ஸ்விட்ஸர்லாந்து தேசத்து எஞ்சினியர் ஆல்பிரட் பூக்கி என்பார் 1905-ஆம் ஆண்டிலேயே இதற்குப் பேட்டண்டு உரிமை பெற்றார்.

கருவி எளிது, அதன் குறையும் எளிதில் விளங்கும். அச்சக்கரங்கள் நிமிஷத்துக்கு லக்ஷம் சுற்றுகளையொட்டிச் சுழன்றாலன்றிப் போதிய அழுத்தம் பிறவாது. ஓட்டுபவன் மிதியை அழுத்துகிறான், புகை பெருகுகிறது, புகை டர்பைனை முடுக்குகிறது, அதன் பின்னரே காற்று அமுக்கப்படுகிறது. ஈண்டு இருவேறு குறைகளை மாணவர் பிரித்தறிதல் வேண்டும். பழகினோரும் இவற்றை ஒன்றாக மயங்குவதுண்டு. எஞ்சின் ஒரு குறித்த சுழற்சிக்குக் கீழே இருக்கும்போது, எவ்வளவு நேரம் காத்திருப்பினும் அழுத்தம் எழுவதில்லை; புகை போதாமையே காரணம். இதனைத் தொடக்க எல்லை என்போம். அவ்வெல்லையைக் கடந்த பின்னும், மிதியை அழுத்துதற்கும் அழுத்தம் எழுதற்கும் இடையே ஒரு சிறு காலம் கழிகின்றது. இதுவே தாமதம். முன்னதைக் கியரை மாற்றித் தப்பலாம். பின்னதிற்கு அத்தகைய உபாயம் இல்லை.

இத்தாமதம் வெறும் சலிப்பன்று, அபாயமும் ஆம். டயரின் பிடிப்பு ஓரளவுடைய முதல். அதனை வளைவில் திரும்புதற்கும் முன்னோக்கி உந்துதற்கும் பங்கிட்டே செலவிடல் வேண்டும். வளைவின் நடுவே ஓட்டுபவன் மிதியை மெல்ல அழுத்துகிறான், ஒன்றும் நிகழவில்லை, மேலும் அழுத்துகிறான். அவ்வேளையில் அழுத்தம் ஒருங்கே எழுந்து பின்சக்கரங்களைத் தள்ளுமாயின், திரும்புதற்கென வைத்திருந்த பிடிப்பும் பறிபோகும். வண்டியின் பின்புறம் பாதையை விட்டு விலகிச் சுழலும். கேட்டவுடன் வராது, கேளாதபோது வரும் சக்தி எத்தனை பெரிதாயினும் ஓட்டுபவனுக்கு உதவுவதன்று.

இதனைப் பிரெஞ்சு தேசத்து ரெனோ நிறுவனத்தார் உலகறியக் கற்றனர். அவர்கள் 1977-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஸில்வர்ஸ்டன் பாதையில், ஒன்றரை லிட்டர் எஞ்சினும் ஒரு பெரிய டர்போசார்ஜரும் பூண்ட வண்டியை பார்முலா ஒன் பந்தயத்தில் இறக்கினர். அது முடிவுவரை ஓடவில்லை. புகை கக்கிய அவ்வண்டியை 'மஞ்சள் தேநீர்க் கெண்டி' என்று பிறர் எள்ளினர். நேர்வழியில் வேகமுடையதாயினும், வளைவை விட்டெழும்போது தாமதித்தலே அதன் பெருங்குறை. 1979-ஆம் ஆண்டில் பெரியதொன்றை நீக்கிச் சிறியன இரண்டைப் பூட்டினர். அவ்வாண்டு ஜூலை முதல் நாளன்று டிஜோன் நகர்ப் பாதையில் ஷான் பியேர் ஷபூய் அவ்வண்டியில் வெற்றி பெற்றார். டர்போசார்ஜர் பூண்ட வண்டி பார்முலா ஒன்றில் அடைந்த முதல் வெற்றி அதுவே. எந்திரத்தில் வேறு திருத்தங்களும் இருந்தன. எனினும் ஒன்றை இரண்டாக்கியது அவற்றுள் முதன்மையானதென்பது எம் கருத்து.

சிறியது விரைந்து சுழல்வது ஏன்? சுழலும் பொருளின் சடத்துவம் அதன் எடையையும், எடை அச்சினின்று விலகியிருக்குந் தூரத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. வடிவொத்த இரு சக்கரங்களில் எடை விட்டத்தின் கனத்தைப் பின்பற்றும். ஆகவே சடத்துவம் விட்டத்தின் ஐந்தாம் படியைப் பின்பற்றும். 60 மில்லிமீட்டர்ச் சக்கரத்துக்குப் பதிலாக 76 மில்லிமீட்டர்ச் சக்கரம் வைப்பின், விட்டம் கால்பங்கே மிகுந்தாலும் சடத்துவம் மூன்று மடங்கிற்கும் மேலாம். கம்ப்ரெஸர் அலுமினியத்தாலாயது, டர்பைனோ வெப்பந் தாங்கும் கனத்த நிக்கல் உலோகக் கலவையாலாயது. ஆதலின் கம்ப்ரெஸரின் அளவை மட்டும் கண்டு மயங்காது, டர்பைனின் அளவையும் உற்று நோக்குதல் வேண்டும்.

இனி நம் வண்டிக்கு வருவோம். நிஸ்ஸான் நிறுவனத்தார் 1999 முதல் 2002 வரை ஜப்பானிற் செய்த சில்வியா எஸ்15 ஸ்பெக்-ஆர் என்பதனை எடுத்துக்கொள்வோம். பின்சக்கரங்களால் உந்தப்படுவது, எஞ்சின் இரண்டு லிட்டர், செய்தவிடத்துச் சக்தி 250 குதிரை. இதனை 320 குதிரைக்கு உயர்த்தி, ட்ஸுகுபா என்னும் பாதையில் ஓட்ட விழைகின்றோம். அப்பாதையின் நீளம் 2,045 மீட்டரே. அதன் இரண்டாம் கொண்டை ஊசி வளைவு முடிந்தவுடன் நானூறு மீட்டரைச் சற்றே விஞ்சும் நேர்வழி தொடங்குகின்றது. வளைவை விட்டெழும்போது இழந்த வேகம் அந்நேர்வழி முழுதும் குறையாகவே தொடரும். எனவே அவ்வொரு வளைவே நம் தேர்வை நிச்சயிப்பது.

அவ்வளைவில் வேகம் மணிக்கு 55 கிலோமீட்டராகக் குறையுமெனக் கொள்வோம். இரண்டாங் கியரின் விகிதம் 2.200; பின்னச்சின் விகிதம் 3.692, சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய இரண்டு மீட்டர். பெருக்கி வகுத்துப் பார்ப்பின் எஞ்சின் நிமிஷத்துக்குச் சுமார் 3,700 சுற்று சுழலும். ஏனைய இடங்களில் இவ்வளவு தாழாது: 7,000 சுற்றில் இரண்டிலிருந்து மூன்றாங் கியருக்கு மாற்றினால் 4,900-க்கே இறங்கும். ஆகவே நமக்கு வேண்டுவது, 3,700 சுற்றில் தயங்காது எழும் கருவி.

அடுத்து, வேண்டிய காற்றைக் கணக்கிடுவோம். நான்கடி எஞ்சின் இரு சுற்றுக்கு ஒருமுறை நிரம்புவதாதலின், 7,000 சுற்றில் இரண்டு லிட்டர் எஞ்சின் நிமிஷத்துக்கு 7,000 லிட்டர் கொள்ளும். முற்றும் நிரம்பாமையாற் கிட்டத்தட்ட 6,650 எனலாம். வெளிக்காற்றைப் போல் இருமடங்கு அழுத்தி, 45 டிகிரிக்குக் குளிர்வித்த காற்று ஒரு கனமீட்டருக்கு 2.2 கிலோகிராம் நிறையுடையது. ஆகவே நிமிஷத்துக்குப் பதினான்கரைக் கிலோகிராம், அதாவது 32 ராத்தல். ராத்தலுக்குப் பத்துக் குதிரை என்பது தொழில் வல்லார் வழங்கும் வாய்பாடு. நாம் கருதிய 320 இதனாற் கிட்டும்.

காரெட் நிறுவனத்தார் ஜிடி2860ஆர்எஸ் என்பதனை 250 முதல் 360 குதிரை வரைக்கும், ஜிடி3076ஆர் என்பதனை 310 முதல் 525 வரைக்கும் உரியதாக வகுத்தனர். பெயரின் ஈற்றிலக்கங்கள் கம்ப்ரெஸரின் விட்டத்தை மில்லிமீட்டரிற் குறிப்பன. இரண்டும் பால் பேரிங் உடையன. நம் 320 இரண்டினுள்ளும் அடங்கும். ஆயின் பெரியதை வாங்குவோர் பயன்படுத்தாத 200 குதிரைக்காக ஒவ்வொரு வளைவிலும் காத்திருப்பர். இத்தகைய எஞ்சினிற் சிறியது மூவாயிரத்தைக் கடந்த சற்றைக்கெல்லாம் அழுத்தம் தரும். பெரியது நாலாயிரத்தையொட்டியே விழிக்கும். நம் 3,700 இரண்டிற்கும் இடைப்பட்டதாதலைக் காண்க. சிறியதற்கு வண்டியின் பழைய மானிபோல்டே பொருந்துவது பொருட்செலவிலும் நன்மை. அமெரிக்க அன்பர்கள் அதனை 'டிஸ்கோ உருளைக்கிழங்கு' என்றழைப்பர். பெயரைக் கேட்டு இகழ்தல் வேண்டா.

டர்பைனைச் சூழ்ந்த நத்தைக்கூடு போன்ற உறையும் தெரிந்தெடுத்தற்குரியது. அதன் வாயின் பரப்பை, அச்சினின்று அவ்வாயின் தூரத்தால் வகுத்த அளவை அட்டவணையிற் காட்டுவர், இக்கருவிக்கு 0.64, 0.86 என இரண்டு உண்டு. வாய் குறுகினாற் புகை விரைந்து பாய்ந்து சக்கரம் சீக்கிரம் எழும். உயர்ந்த சுழற்சியிலோ புகை வெளியேற வழியின்றி நெருக்குண்ணும். ட்ஸுகுபாவுக்கு நாம் 0.64-ஐயே கொள்வோம், 6,500-க்கு மேற் சிறிது சக்தி குன்றுவதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இவ்வண்டியையே புஜி மலையடிவாரப் பாதைக்குக் கொண்டுசெல்லின் கணக்கு மாறும். அங்கே நேர்வழி மட்டும் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர். அதில் உயர்ந்த சுழற்சியிலே நெடுநேரம் ஓடவேண்டியிருத்தலின், 0.86 உறையையோ, அதனினும் பெரிய கருவியையோ நாடுவோர் தவறு செய்தவராகார்.