புலி வலிதா, ஆடு வலிதா? – ஓர் ஒப்பீடு



சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள், விளையாட்டு வகுப்புக்கு மைதானத்தில் இறங்க இயலாமல், எட்டாம் வகுப்பு மாணவியர் தாழ்வாரத்தில் சாக்பீஸால் கோடு கிழித்து ஆடு புலி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தனர். ஆடுகளுக்குப் புளியங்கொட்டை, புலிகளுக்குக் கூழாங்கல். அவ்வழியே சென்ற என்னை ஒருத்தி நிறுத்தி முறையிட்டாள்.

"டீச்சர், இவ எப்பவும் புலியையே எடுத்துக்கிறா. நான் தோத்துக்கிட்டே இருக்கேன். எனக்கு ஆடவே தெரியலைன்னு வேற சொல்றா."

"புலிதான் டீச்சர் எப்பவும் ஜெயிக்கும். அதுக்கு நான் என்ன பண்றது?" என்றாள் மற்றவள்.

கணக்கு ஆசிரியைக்கு இதைக் கேட்டுவிட்டுச் சும்மா போக மனம் வருமா? புலி எப்போதும் வெல்லும் என்பது மெய்யானால், வெற்றி புலியினுடையது, அவளுடையதன்று. அவள் தோழிக்கு ஆடத் தெரியவில்லை என்பது மெய்யானால், புலியின் வலிமையைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது. இரண்டையும் ஒரே வாயால் சொல்லலாகாது.

அருகில் இருந்த இன்னொருத்தி, தன் அண்ணன் கணினியில் 'வேலரண்ட்' என்னும் சுடும் ஆட்டம் ஆடுவதாகவும், அதில் உள்ள வீரர்களுள் எவர் எவரை நேருக்கு நேர் வெல்வார் என்று அவனும் அவன் நண்பர்களும் ஓயாமல் வாதிடுவதாகவும் கூறினாள். 2020ஆம் ஆண்டு வெளிவந்த அந்த ஆட்டத்தைப் பற்றிப் பிறகு விசாரித்தேன். ஒரு பக்கம் ஐவர், மறு பக்கம் ஐவர். ஓர் அணி வெடிகுண்டை வைக்க முயலும், மற்றது தடுக்கும். 12 சுற்றுகள் முடிந்ததும் தாக்கியவர் காப்பவராகவும், காத்தவர் தாக்குபவராகவும் மாறிவிடுவர். முதலில் 13 சுற்று வெல்லும் அணிக்கே வெற்றி. சுடுவதும் குண்டு வைப்பதும் எனக்கு உவப்பானவை அல்ல. ஆனால் அந்தப் பக்கம் மாற்றும் விதியை மெச்சத்தான் வேண்டும். இரு பக்கங்களும் சமமல்ல என்று தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு அது. நம் தாழ்வாரத்தில் அந்த ஏற்பாடு இல்லை. பெரியவளுக்குப் புலி, சின்னவளுக்கு ஆடு என்பதே எழுதாத சட்டம். என் பெரியம்மா மகளிடம் நானும் பல கோடை விடுமுறைகள் ஆடுகளையே வாங்கிக்கொண்டு, எனக்கு மூளை மட்டு என்றே நம்பியிருந்தேன்.

ஆகவே புலியையும் ஆட்டையும் முறையாக எடை போட்டுப் பார்ப்போம். ஒரு தாளில் படத்தை வரைந்துகொள்ளுங்கள். வரையாமல் படித்தால் இக்கட்டுரை விளங்காது.

உச்சியில் ஒரு புள்ளி. அதிலிருந்து கூரைபோல் விரிந்து இறங்கும் நான்கு கோடுகள். அவற்றின் அடிமுனைகளை இணைக்கும் கோட்டில் நான்கு புள்ளிகள். இதை அடிவரி என்போம். உச்சிக்கும் அடிவரிக்கும் இடையே மூன்று குறுக்குக் கோடுகள். இவை மேல்வரி, நடுவரி, கீழ்வரி. இம்மூன்றும் கூரைக்கு வெளியே இருபுறமும் சற்று நீண்டு, இரு ஓரங்களிலும் நிற்கும் நேர்க்கோடுகளில் முடியும். ஒவ்வொரு வரியிலும் 6 புள்ளிகள். கூட்டினால் 1 + 18 + 4 = 23. புலிகள் 3, ஆடுகள் 15. தமிழகத்தின் பல கோயில் மண்டபத் தரைகளிலும் பழைய வீட்டுத் திண்ணைகளிலும் இந்தப் படத்தைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆந்திரத்தில் இதைப் புலிஜூதம் என்பர்.

விதிகள் உங்களுக்குத் தெரிந்தவையே. புலிகள் முதலில் அமரும். ஆடுகள் ஒவ்வொன்றாக இறங்கும். 15 ஆடுகளும் இறங்கி முடியும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது. புலியோ முதலிலிருந்தே நடக்கலாம். கோட்டில் அடுத்த புள்ளியில் ஆடு இருந்து, அதே நேர்க்கோட்டில் அதற்கு அடுத்த புள்ளி காலியாக இருந்தால், புலி தாவி அந்த ஆட்டை வெட்டலாம். ஆடு யாரையும் வெட்டாது. மூன்று புலிகளும் அசைய முடியாமல் கட்டுண்டால் ஆட்டுக்கு வெற்றி.

புலியின் பலத்தை முதலில் பார்ப்போம். அதற்கு நடையும் உண்டு, தாவலும் உண்டு. நடுவரியின் மையத்தில் உள்ள இரு புள்ளிகளுள் ஒன்றில் நிற்கும் புலிக்கு நான்கு திசையும் திறந்திருக்கிறது. அந்த ஒரு புலியைக் கட்ட எத்தனை ஆடு வேண்டும்? நான்கு பக்கத்திலும் நான்கு ஆடு போதாது. தாவி இறங்கும் நான்கு இடங்களையும் அடைக்க வேண்டும். ஆக 8 ஆடுகள். உச்சியில் இருக்கும் புலிக்கும் அதே 8. மூன்று புலிகளும் இப்படி நடுவே உலவினால், ஆடுகளின் பாடு திண்டாட்டம் என்பதில் ஐயமில்லை.

இனி மேல்வரியின் மூலையில் ஒரு புலியை வைத்துப் பாருங்கள். அதற்குப் பக்கத்தில் ஒரு வழி, கீழே ஒரு வழி. இரண்டு ஆடு வழியை அடைக்க, இரண்டு ஆடு தாவும் இடத்தை அடைக்க, 4 ஆடுகளில் புலி முடிந்தது! அடிவரி மூலையிலும் அப்படியே. அதே புலிதான், நின்ற இடத்தால் அதன் விலை பாதியாகிவிட்டது. மூன்று புலிகளும் மூன்று மூலைகளில் தனித்தனியே அகப்பட்டால் 12 ஆடுகள் போதும். அப்படியானால் 3 ஆடுகளை இழந்த பின்னும் ஆட்டுக்காரி வெல்லக்கூடும். முதல் ஆடு வெட்டுப்பட்டதும் முகம் வாடிக் கலைத்துவிடும் மாணவிகள் இந்தக் கணக்கைச் சற்று நினைக்கலாம்.

ஆட்டின் பலம் கண்ணுக்குத் தெரியாதது. ஓர் ஆடு வெட்டுப்பட வேண்டுமென்றால், அது ஒரு கோட்டின் நடுவே இருக்க வேண்டும். ஒரு பக்கம் புலி, மறு பக்கம் வெற்றிடம். கோட்டின் முனையில் இருக்கும் ஆட்டைத் தாண்டிப் புலி எங்கே போய் இறங்கும்? 23 புள்ளிகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். எல்லாக் கோட்டுக்கும் முனையாக இருக்கும் புள்ளிகள் 7. அவை உச்சி, ஓரங்களில் உள்ள நான்கு மூலைகள், அடிவரியின் இரு மூலைகள். உச்சியில் வழக்கமாகப் புலி இருக்கும்; அதை விட்டால் 6. இந்த ஆறு இடங்களில் இறங்கிய ஆட்டை எந்தப் புலியாலும் தொட முடியாது.

அதற்கு மேல்தான் சுவை. இடப்புற ஓரத்தின் மேல்மூலையிலும் கீழ்மூலையிலும் ஆடு இருந்தால், நடுவரியின் இட முனையில் இறங்கும் மூன்றாவது ஆடும் தப்பும். தாவி இறங்கும் இடம் இரண்டிலும் ஆடு நிற்கிறதல்லவா? வலப்புறமும் இவ்வாறே. இது 6. அடிவரியின் இரு மூலைகளிலும் ஆடு இருந்தால், நடுவில் உள்ள இரண்டுக்கும் முதுகில் ஓர் ஆடு துணை நிற்கும். இது 10. ஓரமும் அடியும் நிறைந்த பின், கீழ்வரியில் இரு பக்கமிருந்தும் உள்நோக்கி நான்கு ஆடுகளை இறக்குங்கள், அவையும் சாகா. இது 14. மிஞ்சியுள்ள ஒன்றை நடுவரியில், ஓரத்து ஆட்டை ஒட்டி வைத்தால் அதற்கும் இடமும் கீழும் துணை. ஆக, சரியான வரிசையில் இறக்கினால் 15 ஆடுகளும் ஓர் உயிர்ச்சேதமின்றி இறங்கிவிடலாம். நான் சிறுமியாய் இருந்தபோது புளியங்கொட்டைகளைப் புலிக்குப் பக்கத்தில் வைத்து 'மறிக்கிறேன்' என்று எண்ணிக்கொள்வேன். அது மறிப்பதல்ல, பரிமாறுவது.

அப்படியானால் ஆடே வலிது என்று முடித்துவிடலாமா? முடியாது. புலிக்காரி கையைக் கட்டிக்கொண்டிருப்பாளா? ஆடு இறங்க வேண்டிய மூலையில் தன் புலியை முன்னதாகக் கொண்டுபோய் உட்கார வைப்பாள். வேலி அவ்விடத்தில் முறியும். இதுதான் புலிக்கு உள்ள சிறந்த மறுமொழி. ஆனால் அங்கே ஒரு விலை இருக்கிறது. வேலியை முறிக்கப் புலி மூலைக்குப் போக வேண்டும். மூலைக்குப் போன புலியைக் கட்ட நான்கே ஆடு போதும்! அந்த நான்கையும் வைக்கும் முறை ஒன்று உண்டு. அடிவரியின் இடமூலையில் புலி இருந்தால், அதை ஒட்டிய புள்ளியில் முதலில் வைக்காதீர்கள், வெட்டிவிடும். தாவி இறங்கும் மூன்றாம் புள்ளியை முதலில் அடைத்து, பிறகு ஒட்டிய புள்ளிக்கு வாருங்கள். தூரத்திலிருந்து கிட்டே வருவது. புலிக்காரி கெட்டிக்காரியாக இருந்தால் இரண்டாவது ஆடு விழுவதற்குள் மூலையை விட்டு எழுந்துவிடுவாள். எப்போது உட்காருவது, எப்போது எழுவது என்பதில்தான் புலி ஆட்டத்தின் திறமை முழுவதும் இருக்கிறது.

ஆடுகளுக்கும் ஒரு சோதனை காத்திருக்கிறது. 15 ஆடும் சேதமின்றி இறங்கிய பின் காலியாக இருப்பவை 5 புள்ளிகளே. அப்போது ஆட்டுக்காரி தன் முறை வரும்போதெல்லாம் ஏதேனும் ஓர் ஆட்டை நகர்த்தியே ஆக வேண்டும். அழகாகக் கட்டிய வேலியில் ஒரு கழியை அவள் தன் கையாலேயே பிடுங்க வேண்டியிருக்கிறது. முன்னே அடி வைத்த ஆட்டின் முதுகுப்புறம் காலியாகிறது. புலி அதற்காகவே காத்திருக்கிறது. நன்றாக ஆடுபவர்கள், முன்னும் பின்னும் ஆபத்தின்றி நடக்கத்தக்க ஓர் ஆட்டைத் தனியே வைத்துக்கொண்டு, பொழுதை அதில் கழித்து, அவசரத்தைப் புலியின் தலையில் கட்டுவார்கள். புலிக்கும் நகராமல் இருக்க உரிமை இல்லையே!

நேப்பாளத்தில் இதற்கு 'பாக் சால்' என்னும் ஓர் உறவு ஆட்டம் உண்டு. 25 புள்ளிகள், 4 புலிகள், 20 ஆடுகள். 5 ஆடுகளை வெட்டினால் புலிக்கு வெற்றி. சிங்கப்பூரைச் சேர்ந்த லிம் இயூ ஜின், சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த யூர்க் நீவர்கெல்ட் என்னும் இரு கணினி அறிஞர்கள் அதை முழுவதும் ஆராய்ந்தனர். ஆடுகள் அனைத்தும் இறங்கிய பின் அமையக்கூடிய நிலைகள் மட்டும் 8 கோடியே 80 இலட்சத்துக்கும் மேல் என்று கணக்கிட்டு, அத்தனையையும் கணினியில் ஏற்றி, ஆடுகள் இறங்கும் கட்டத்தையும் கணினியால் தேடி முடித்தனர். 2009இல் நூலில் வெளியான அவர்களது முடிவு இது: இரு பக்கமும் பிழையின்றி ஆடினால் புலியும் வெல்லாது, ஆடும் வெல்லாது, ஆட்டம் சமன். நம் பலகை வேறு, எண்ணிக்கை வேறு. ஆகையால் அந்த முடிவை அப்படியே இங்கே தூக்கி வைக்கக் கூடாது. ஆனால் பல்லும் நகமும் இல்லாத ஒரு பக்கம், பல்லும் நகமும் உள்ள பக்கத்தோடு சரிநிகராக நிற்க முடியும் என்பதற்கு அது கணக்குச் சாட்சி. தோற்பவள் தோற்பது, எங்கோ யாரோ பிழை செய்ததால்தான்.

பிழை யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரே ஒரு ஆட்டத்தால் முடியாது. இருவரும் ஒரு நோட்டில் நான்கு கட்டம் போட்டுக்கொள்ளட்டும். கமலா புலியாக ஆடி வென்றவை, ஆடாக ஆடி வென்றவை. மேரி புலியாக வென்றவை, ஆடாக வென்றவை. (பெயர்கள் கற்பனையே, ஒருவரும் என்னிடம் சண்டைக்கு வர வேண்டாம்.) ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பக்கம் மாற வேண்டும். குறுக்காகக் கூட்டினால் யார் கெட்டிக்காரி என்று தெரியும். நெடுக்காகக் கூட்டினால் புலி வலிதா, ஆடு வலிதா என்று தெரியும். இவை இரண்டு வெவ்வேறு கேள்விகள். நம் தாழ்வாரச் சண்டை முழுவதும் இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதால் வந்தது. அந்த அண்ணனும் நண்பர்களும் இதே நான்கு கட்டத்தைப் போட்டுப் பார்த்தால், வீரரின் திறமை எவ்வளவு, ஆடுபவனின் திறமை எவ்வளவு என்று அவர்களுக்கும் தெளியும்.

இக்கட்டுரையை முதலில் படித்துப் பார்த்த சிஸ்டர் ஒருவர் ஓர் ஐயத்தை எழுப்பினார். நற்செய்தியில் ஆயர் தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு, காணாமற்போன ஒன்றைத் தேடிப் போகிறார். இந்த ஆட்டத்திலோ, ஒன்றைப் பலியிட்டுப் பதினான்கைக் காக்கலாம் என்று நீங்கள் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாமா என்றார். நல்ல கேள்வி. நான் கூறிய பதில்: நம் எலவனாசூர்கோட்டைப் பக்கத்தில் அறுவடை முடிந்த வயலில் கிடை போடுபவர்களைக் கேட்டுப் பாருங்கள் சிஸ்டர், ஆட்டைப் பலி கொடுத்துக் கிடை காப்பவர் எவரும் இல்லை. ஓரத்தை முதலில் அடைத்துவிட்டு உள்ளே வருவார்கள். அந்த வரிசையில் இறக்கினால் ஒன்றையும் இழக்க வேண்டியதில்லை. மேலே காட்டிய கணக்கு அதுதான். சிஸ்டர் சிரித்துக்கொண்டே, "அப்படியானால் சாயங்காலம் நான் புலி, நீங்கள் ஆடு" என்றார்.

அன்று நான் இரண்டு ஆடுகளை இழந்தேன். இருட்டும் வரையில் மூன்றாவது புலியைக் கட்ட முடியவில்லை.

மறுநாள் தாழ்வாரத்தில் அந்த எட்டாம் வகுப்புச் சிறுமி நான்கு கட்டம் போட்ட நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். எதிரில் இருந்தவள் வழக்கம்போல் கூழாங்கற்களை நீட்டி, "இந்தா, இன்னிக்கு நீ புலி எடுத்துக்கோ" என்று பெரிய மனதோடு கூறினாள்.

"அப்புறம் எடுத்துக்கிறேன். முதல்ல ஆடு" என்று கூறி, அவள் ஒரு புளியங்கொட்டையை எடுத்து அடிவரியின் மூலையில் வைத்தாள்.