நீர்த்தேக்கத்தின்மேல் ஒரு மூலக்கூற்றுப் படலம்

கோடையில் நீர்த்தேக்கங்கள் ஆவியாதலால் இழக்கும் நீரைக் குறைக்க, ஸெடைல் ஆல்கஹால் போன்ற பொருள்களைப் பரப்பும் முறையைப் புனேயிலுள்ள தேசிய இரசாயன ஆய்வுக்கூடம் 1960-களில் ஆராய்ந்தது. படலத்தின் தடிப்பு ஒரே மூலக்கூறுதான்.

இம்மூலக்கூற்றில் 16 கார்பன் அணுக்கள், எலெக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் வலிய பிணைப்பால் சங்கிலியாகக் கோக்கப்பட்டுள்ளன. ஒரு நுனியிலுள்ள ஹைட்ராக்ஸில் தொகுதி ஹைட்ரஜன் பிணைப்பால் நீரைப் பற்றி நிற்கும். இதன் வலிமை முன்னதில் ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்கே. சங்கிலிகளோ நீரை விலக்கி மேல்நோக்கி நிற்கின்றன. அவற்றிடையே நிலவும் வான்டர்வால்ஸ் விசை, கண்ணிக்குக் கண்ணி மிகச் சிறிது. ஆயினும் பதினாறு கண்ணிகளும் அருகருகே அமைவதால் அவை கூடி, நீர் மூலக்கூறுகள் எளிதில் வெளியேற இடந்தருவதில்லை.

கிளைத்த சங்கிலிகள் இவ்வாறு நெருங்கா. நேரான சுள்ளிகளையும் கவட்டைச் சுள்ளிகளையும் தனித்தனியே கட்டிக் காட்டினால் மாணவர்க்கு இது விளங்கும். எந்த எண்ணெயும் உதவும் என்று களப்பணியாளர் எண்ணலாகாது.

காற்றே இம்முறைக்குப் பெரும் பகை. அது படலத்தைக் கரையோரம் ஒதுக்கிவிடுமாதலின், பொருளை மீண்டும் மீண்டும் பரப்பவேண்டும்.